கண்முன் கரையேறிய ஆமைக்கு எப்படி நன்றி சொல்வது?

பல கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். பிப்ரவரி மாத நள்ளிரவில் தூக்கம் வராமல் நீலாங்கரைக் கடற்கரைக்கு இறங்கியிருக்கிறீர்கள். பத்தடி தூரத்தில் ஒரு பெரிய ஆமை கரையேறி, குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பியதை நின்று பார்த்திருக்கிறீர்கள். அதன் கண்ணில் நீர் வழிந்ததே, வலியில் அழுததா என்பது ஒரு கேள்வி. திரும்பும்போது செல்போன் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துவிட்டேன், அது தப்பா என்பது இன்னொன்று. ஆமையைப் பார்ப்பது நல்லதில்லை என்று வீட்டில் பெரியம்மா சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கடைசி வரியில்தான் இருக்கிறது: "ஒரு வாரமா மனசு நிறைஞ்சு இருக்கு. இதுக்கு யாருக்கு, எப்படி நன்றி சொல்றது?"

நான் விலங்கியல் படித்தவன். சென்னைக் கடற்கரையில் ஆமை வரும் பருவத்தில் பல வருடங்களாக இரவில் நடந்து வருகிறேன். அதனால் ஆமையைப் பற்றிய கேள்விகளுக்குக் கொஞ்சம் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். நன்றியைப் பற்றிச் சொல்வது என் கருத்து மட்டுமே. அதையும் ஆமையைத் தெரிந்துகொண்ட பிறகு சொன்னால்தான் சரியாக இருக்கும் என்பதால் முதலில் ஆமைக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது அநேகமாகப் பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். நம் கரையில் முட்டையிட வருவது பெரும்பாலும் இந்த இனம்தான். டிசம்பர் கடைசியில் தொடங்கி, பிப்ரவரி மார்ச்சில் அதிகமாகி, ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஏறக்குறைய இதய வடிவத்தில் சாம்பல் கலந்த பச்சை ஓடு, 35 முதல் 50 கிலோ வரை எடை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. "மூடிய பிறகு உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி மணலைத் தட்டியது, அந்தச் சத்தம் கேட்டது" என்கிறீர்கள். அது ரிட்லி வகை ஆமைகளுக்கே உரிய பழக்கம். அடிவயிற்று ஓட்டால் மாறி மாறி அடித்து, குழி இருந்த இடத்து மணலை இறுக்கும். அந்தத் தொம் தொம் ஓசையைக் காதால் கேட்டவர்கள் இந்த ஊரில் ரொம்பக் கொஞ்சம் பேர்.

அந்தக் குழியை அது எப்படித் தோண்டியது என்று கவனித்தீர்களா? முன் துடுப்புகளால் மேல்மணலை ஒதுக்கிவிட்டு, பின் துடுப்புகளை மட்டும் வைத்துத் தோண்டும். ஒரு துடுப்பு உள்ளே இறங்கி, நுனியை மடக்கி, ஒரு பிடி ஈரமணலை அள்ளி மேலே கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். உடனே மறு துடுப்பு முன்னால் கிடக்கும் மணலைத் தள்ளிவிட்டு உள்ளே இறங்கும். தலை முன்னால் பார்த்தபடியே இருக்கும். தான் தோண்டும் குழியை அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காது. ஆனாலும் கழுத்து குறுகி அடி அகன்று, ஒன்றரை அடி ஆழத்துக்கு அச்சு பிசகாத ஒரு குழி வந்துவிடும். துடுப்பு எட்டும் ஆழம்தான் அளவு. அதற்குமேல் மணல் கைக்கு வரவில்லை என்றதும் தோண்டுவதை நிறுத்திவிட்டு முட்டையிடத் தொடங்கும். இரண்டும் மூன்றுமாக, கெட்டியான பசைநீரோடு, பிங்பாங் பந்து அளவில் நூறு முட்டை, சில சமயம் அதற்கு மேலும் விழும். ஓடு கோழிமுட்டை மாதிரி உடையக்கூடியது அல்ல. தோல் மாதிரி மெத்தென்று இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் விரிசல் விடாது.

சரி, கண்ணீர். அது அழுகை இல்லை, இதில் சந்தேகமே வேண்டாம். கடலில் நண்டும் இறாலும் ஜெல்லிமீனும் தின்று வாழும் ஆமையின் உடம்பில் உப்பு ஏராளமாகச் சேரும். அவ்வளவு உப்பையும் வெளியேற்ற அதன் சிறுநீரகத்தால் முடியாது. அதற்காகக் கண்ணோரத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வருவது கடல்நீரைவிட உப்பு கூடிய நீர். கடலுக்குள் இருக்கும்போதும் அது வழிந்துகொண்டேதான் இருக்கிறது, தண்ணீரோடு கலந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. கரையில் அது கண்ணில் விழும் மணலையும் கழுவிவிடுகிறது. ஆனால் வலியே இல்லையா என்று கேட்டால், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரில் மிதந்து வாழ்ந்த உடம்பின் முழு எடையும் கரையில் நெஞ்சை அழுத்துகிறது. சில தப்படிக்கு ஒருமுறை நின்று, தலையைத் தூக்கி, 'உஸ்' என்று மூச்சு விடும். அந்தச் சிரமம் நிஜம். அதை ஆமை உள்ளுக்குள் எப்படி உணர்கிறது என்பதை அறிவியல் இன்னும் எட்டவில்லை.

ஃப்ளாஷ் விஷயம். கரையேறும்போதும் குழி தோண்டும்போதும் ஆமை மிகவும் மிரளும். அப்போது வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ பட்டால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு அது ஒரு மயக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கும், சுற்றி நடப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. கடலுக்குத் திரும்பும்போது மறுபடி வெளிச்சம் அதைத் தடுமாற வைக்கலாம். நீங்கள் எடுத்தது ஒரே ஒரு படம், அதற்குப் பிறகும் அது நேராகக் கடலுக்குப் போனது என்கிறீர்கள். அதனால் பெரிய கெடுதல் நடந்திருக்காது, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை வேண்டாம், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், கரையேறிய நேரத்தில் நீங்கள் கிட்டே ஓடவில்லை, நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றீர்கள். அன்றைக்கு நூறு முட்டை மணலுக்குள் போனதில் உங்கள் பங்கு அது. நீங்கள் கேட்கும் நன்றியின் முதல் தவணையை அங்கேயே, தெரியாமலே கொடுத்துவிட்டீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெரியம்மா சொன்னதற்கு வருகிறேன். 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அப்படிச் சொல்வது இயல்பு. அவரோடு வாதாட வேண்டாம். விஷ்ணுவின் இரண்டாம் அவதாரமே கூர்மம் என்பதும் அதே பெரியம்மாவுக்குத் தெரியும். வலையில் சிக்கிய ஆமையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கடலில் விடும் மீனவர்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னும் பின்னால் போனால், நீங்கள் பார்த்த காட்சி சங்கப் பாட்டு ஒன்றில் அப்படியே இருக்கிறது. அடும்பங்கொடி சிதைய நகர்ந்துவரும் நிறைசூல் ஆமை, வெண்மணலில் முட்டைகளைப் புதைத்து மறைக்கிறது. முட்டைகள் யானைத் தந்தத்தில் செய்த வட்டுக்காய் வடிவில், புலால் நாற்றத்தோடு இருக்கின்றன. அந்த முட்டையின் மெல்லிய மீன்வாடையைக்கூடக் கவனித்த ஒருவர், இரவில் கரையில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். குஞ்சு பொரியும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்று அந்தப் பாட்டு சொல்வது மட்டும் உண்மையல்ல. ஆண் ஆமை கரைக்கு வருவதே இல்லை, பெண்ணும் மூடிவிட்டுப் போனால் அந்தக் குழிக்குத் திரும்புவதில்லை. அதே அடும்பு இன்றைக்கும் நீலாங்கரைப் பக்கம் மணலில் ஊதாப்பூ பூத்துக் கிடக்கிறது, பகலில் போனால் பாருங்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் மகிழ்ச்சியைக் குறைப்பதற்காக அல்ல. அந்த ஆமை உங்களுக்காக வரவில்லை, உங்களுக்கு எதையும் காட்டவும் இல்லை. அதற்கு வேண்டியிருந்தது அலை எட்டாத இடத்தில், இருட்டில், ஈரமான மணல். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பது அதன் கணக்கிலேயே கிடையாது. எனக்கென்னவோ உங்கள் மனது நிறைந்ததற்குக் காரணமே இதுதான் என்று படுகிறது. நம்மைச் சுற்றி நடக்கும் எல்லாமே நம்மை நோக்கித்தான் நடக்கிறது: விளம்பரம், போன் அழைப்பு, அலுவலக மின்னஞ்சல். நம்மைப் பொருட்படுத்தாத, அதே நேரம் இவ்வளவு முழுமையான ஒரு காரியத்துக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் நிற்க முடிந்திருக்கிறது. அதனால் ஆமைக்கு நன்றி சொல்வது என்றால், அடுத்த ஆமைக்கும் அதே இருட்டும் அதே மணலும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நன்றியைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்திலேயே சென்னையில் சிலர் இரவில் கரையோரம் நடந்து, ஆமை முட்டைகளை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் புதைத்துப் பொரிக்க வைக்கத் தொடங்கினார்கள். முட்டையைத் தோண்டியெடுத்து விற்பது சாதாரணமாக நடந்த காலம் அது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்ற பெயரில் கல்லூரிப் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்து வருகிறார்கள். பருவம் முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை தினமும் இரவில் நடப்பது, தடம் தெரிந்தால் குழியைக் கண்டுபிடிப்பது, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவது, குஞ்சுகளைக் கடலில் விடுவது. வனத்துறையும் கடற்கரை நெடுகப் பொரிப்பகங்கள் நடத்துகிறது. விடிய விடிய நடந்து ஒரு தடம்கூடக் காணாமல் வீட்டுக்குப் போகும் இரவுகள் இவர்களுக்கு நிறைய. நீங்கள் தற்செயலாக இறங்கிய ஒரே இரவில் முழுக் காட்சியும் கிடைத்திருக்கிறது.

அந்த ஆமை, இவர்களில் யாரோ விட்ட குஞ்சாகவே இருக்குமா? எனக்கும் அந்த ஆசை உண்டு. கடலாமைகள் தாங்கள் பிறந்த கடற்கரைப் பகுதிக்கே முட்டையிடத் திரும்புகின்றன என்பதும், பூமியின் காந்தப்புலத்தை வைத்து வழி கண்டுபிடிக்கின்றன என்பதும் நன்றாக ஆராயப்பட்ட விஷயங்கள். ஆனால் பங்குனி ஆமை மற்ற சில இனங்களைப் போலக் கண்டிப்பாக அதே இடத்துக்கு வருவதில்லை, கொஞ்சம் தள்ளியும் கரையேறும். பருவம் அடையப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்பது பொதுவான மதிப்பீடு. 'ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பிழைக்கும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் கூட்டத்தில் அதைச் சொல்வேன். அது எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல. மிகச் சிலவே பிழைக்கும் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே உங்கள் ஆமை பதினைந்து இருபது வருடங்களுக்கு முன் யாரோ ஒரு கல்லூரி மாணவி கையில் எடுத்துப்போன முட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அந்த மாதிரி ஒரு மாணவி இருந்தாள் என்பது உண்மை. அவளுக்கு நன்றி சொல்லலாம்.

அப்புறம் அந்த முட்டைகள். குழி இருந்த இடம் நினைவிருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் தோண்டாதீர்கள், குச்சி விட்டுத் தேடாதீர்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையைப் பக்குவமாக மாற்றினால் கெடுதல் இல்லை. அதற்குப் பிறகு கரு முட்டையின் மேல்பக்க உட்தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும். ஒரு வாரம் ஆகிவிட்டதால் நீங்கள் தொடவே கூடாத காலம் இது. தவிர, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. புலிக்கு உள்ள பாதுகாப்பு இதன் முட்டைக்கும் உண்டு. அன்றிரவே நடைக்குழு அந்தத் தடத்தைப் பார்த்து முட்டைகளை எடுத்துப்போயிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. முட்டைகளை இப்படி மாற்றுவது சரியா என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இடம் மாறினால் அந்தக் கணக்கும் மாறலாம் என்பது ஒரு தரப்பு. முடிந்தவரை இட்ட இடத்திலேயே விடுவதுதான் நல்லது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நாய்களும் விளக்குகளும் இவ்வளவு இருக்கும் சென்னைக் கரையில், இப்போதைக்குப் பொரிப்பகம் இல்லாமல் முடியாது.

விளக்கு என்றதும் உங்களுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு கடலைப் பார்த்து இருக்கிறது, மொட்டை மாடியிலும் சுற்றுச்சுவரிலும் விளக்குகள் விடியும்வரை எரியும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சுகள் பொரிந்து, பெரும்பாலும் மணல் குளிர்ந்த இரவில், கூட்டமாக மேலே வரும். இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அதுதான் கடல் என்பது அவற்றின் உடம்பில் எழுதியிருக்கும் விதி. விளக்கு இல்லாத காலத்தில் அது சரியாகவே இருந்தது. இப்போது அவை தெருவை நோக்கி ஊர்ந்து, விடிந்ததும் காகத்துக்கும் நாய்க்கும் வெயிலுக்கும் பலியாகின்றன. குடியிருப்போர் சங்கத்தில் பேசி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு பதினொரு மணிக்கு மேல் கடல் பக்க விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக்கு வேண்டியவற்றைக் கீழ்நோக்கித் திருப்பி மறைப்பு போட்டுவிடலாம். இதற்கு ஒரு கூட்டம், சில முகச்சுளிப்புகள், கொஞ்சம் வயர் வேலை ஆகும். உங்களால் செய்ய முடிந்தவற்றில் இதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கரைக்கு வெளியே, கடலில் நடப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அது கசப்பாக இருந்தாலும். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றியுள்ள கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. மூச்சுத்திணறிச் செத்ததற்கான அடையாளங்கள் அவை. ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது, நுரையீரல்தான். தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். விசைப்படகின் இழுவை வலை மணிக்கணக்கில் நீருக்கடியில் இழுபடும்போது உள்ளே மாட்டிய ஆமைக்கு மேலே வர வழியில்லை. முட்டையிட வந்து கரைக்கு அருகே காத்திருக்கும் மாதங்களில் இது அதிகம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்பதற்கு 1983இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வலைக்குள் சாய்வாகக் கம்பிச் சட்டம் ஒன்றை வைத்து, ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் கருவியும் இருக்கிறது. அதன் வழியாக மீனும் போய்விடும் என்ற கவலை படகுக்காரர்களுக்கு இருக்கிறது, டீசல் விலையில் அந்தக் கவலையை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஆமைக்கு உதவாதா என்று பலர் கேட்பார்கள். அது தொடங்கும்போது ஆமைகளின் பருவம் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. இதில் தனியாள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் செத்த ஆமையைக் கண்டால் படம் போட்டு வருத்தப்படுவதோடு நிறுத்தாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். எங்கே, எத்தனை ஒதுங்கின என்ற பதிவு இருந்தால்தான் அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் பேச முடிகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு அந்தப் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். அடுத்த சனிக்கிழமை அங்கே டார்ச்சோடு ஐம்பது பேர் நிற்பார்கள். அவர்களுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. மறுபடி பார்க்க ஆசை வந்தால் தனியாக அலையாமல் மாணவர் குழுவின் இரவு நடையில் சேர்ந்துகொள்ளுங்கள். பருவத்தில் வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். ஆமை தென்படாமல் போகலாம் என்று தெரிந்துகொண்டே போங்கள். மார்ச், ஏப்ரலில் பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெரியம்மாவையும் அழைத்துப் போகலாம். கட்டைவிரல் நீளம்கூடச் சரியாக இல்லாத ஒரு கரிய குஞ்சு அலையில் புரண்டு எழுந்து மறுபடி நீந்துவதைப் பார்த்துவிட்டு, அதை அபசகுனம் என்று சொன்ன யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் பார்த்த தேதி, ஏறத்தாழ நேரம், எந்தத் தெருவின் முனைக்கு நேராக, அலை எல்லையிலிருந்து எத்தனை தப்படி, ஆமையின் துடுப்பில் உலோகப் பட்டை ஏதாவது மின்னியதா, இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் போன் படத்திலேயே நேரம் பதிவாகியிருக்கும். அதை வனத்துறைக்கோ நடைக்குழுவுக்கோ கொடுங்கள். முட்டைகளை அவர்கள் ஏற்கெனவே எடுத்திருந்தால் பதிவேட்டில் இருக்கும் குழியோடு உங்கள் குறிப்பு சேர்ந்துகொள்ளும். எடுக்கவில்லை என்றால், அந்த இடத்துக்குக் கூண்டு போட்டு நாய்களிடமிருந்து காக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. நாளைக்கே சொல்லிவிடுங்கள்.